எதிரிக்கும் நாட்கள் உண்டு

(ஆம்பூரில் நடந்த ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வாரா வாரம் ஒரு வீட்டு மாடியில் கூடி, பகடையும் பென்சிலுமாக ரோல்பிளேயிங் கேம் ஆடுகிற இளைஞர்கள் இங்கே நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அப்படி என்னதான் ஆடுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வந்த பெற்றோரும் இருக்கிறீர்கள். பெற்றோருக்காக முதலில் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் ஆட்டத்தை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். "கதவைத் தட்டுகிறேன்" என்பார் ஒருவர். கதவுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று நடத்துபவர் சொல்வார். ஒரு செயல் பலிக்குமா பலிக்காதா என்ற சந்தேகம் வந்தால் பகடை தீர்மானிக்கும். கதை பல வாரம், பல மாதம் நீளும். அதன் உச்சத்தில் ஒரு பெரிய எதிரி காத்திருப்பான். இளைஞர்கள் அவனை 'பாஸ்' என்கிறார்கள்.

இன்று நான் பேச வந்தது அந்த 'காத்திருப்பான்' என்பதைப் பற்றித்தான். ஆட்டம் நடத்தும் எல்லோருக்கும் ஒரு நாள் இந்தச் சிக்கல் வரும். "அமாவாசைக்குள் கோட்டைக்குப் போகாவிட்டால் மந்திரவாதி சடங்கை முடித்துவிடுவான்" என்று ஆட்டக்காரர்களிடம் சொல்லியிருப்பீர்கள். அவர்களோ சந்தையில் குதிரை பேரம் பேசுவார்கள், காயம் ஆற மூன்று நாள் சத்திரத்தில் படுப்பார்கள், வழியில் பார்த்த இடிந்த கோயிலுக்குள் புதையல் தேடுவார்கள். அமாவாசை கழிந்து வளர்பிறையும் வந்துவிடும். அப்போதுதான் வாளை உருவிக்கொண்டு கோட்டை வாசலில் வந்து நிற்பார்கள். இப்போது அந்த மந்திரவாதியை என்ன செய்வது?

பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் ஒன்றுமே நடக்காததுபோல் அவனை அதே இடத்தில், ஓங்கிய கத்தியோடு நிறுத்தி வைக்கிறார்கள். ஆட்டக்காரர்கள் எப்போது கதவைத் திறக்கிறார்களோ அப்போதுதான் சடங்கின் கடைசி மந்திரம் வரும். சிலர் கோபத்தில் அவனுடைய ஹிட் பாயிண்ட்டை, அதாவது அவன் தாங்கும் அடிகளின் அளவை, இரண்டு மடங்காக்கிவிடுகிறார்கள், தாமதத்துக்குத் தண்டனை. முதல் வழியில் போனால், நீங்கள் சொன்ன அமாவாசைக்கு மதிப்பில்லை என்று ஆட்டக்காரர்கள் கண்டுகொள்வார்கள். இனி நீங்கள் சொல்லும் எந்தக் கெடுவையும் நம்ப மாட்டார்கள். இரண்டாம் வழியில் சண்டை கடினமாவதுகூட இல்லை, நீளமாகிறது. ஒன்றரை மணி நேரம் எல்லோரும் பகடை உருட்டி, எண்ணைக் கழித்துக்கொண்டே இருப்பார்கள்.

தாமதம் எதிரியின் உடம்பில் ஏறக் கூடாது, அவனுடைய சூழலில் ஏற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நீங்கள் வீணாக்கிய பத்து நாளும் அவனுக்குக் கிடைத்த பத்து நாள். அதை வைத்து அவன் என்ன செய்தான் என்பதுதான் கேள்வி. இதற்குப் பாடம் படிக்க நாம் அமெரிக்கா போக வேண்டியதில்லை. இந்த ஊரிலேயே தொடங்குகிறது.

1749 ஆகஸ்ட் 3. கர்நாடக நவாப் அன்வருத்தீன் கான் இந்த ஆம்பூரில் கணவாயை மறித்து அரண் கட்டி உட்கார்ந்திருக்கிறார். எதிரே வருவது மூன்று தரப்பு. அந்த நவாப் பதவிக்கு ஆசைப்படும் சந்தா சாகிப் ஒருவர். ஹைதராபாத் நிஜாம் பதவிக்கு ஆசைப்படும் முசாபர் ஜங் இன்னொருவர். மூன்றாவது, புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே அனுப்பிய படை. இரண்டு முறை தாக்குதல் முறிகிறது. மூன்றாம் முறை அரண் விழுகிறது. யானை மேலிருந்த நவாப் குண்டு பட்டு இறக்கிறார். மூத்த மகன் மாபூஸ் கான் சிறைப்படுகிறார். இன்னொரு மகன் முகமது அலி தப்பித் திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்கு ஓடுகிறார்.

இந்த இடத்தில் நிறுத்தி, இதை ஒரு ஆட்டமாகப் பாருங்கள். ஆட்டக்காரர்கள் பெரிய சண்டையில் வென்றுவிட்டார்கள். மிச்சம் இருப்பது ஒரே ஒரு எதிரி. அவன் தோற்று ஓடியவன். பணமில்லை, படையில்லை, துணையில்லை. கடலூரில் புனித டேவிட் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர்கள் எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் தயங்கிக்கொண்டிருந்தார்கள். நேரே திருச்சிக்குப் போ என்று டூப்ளே திரும்பத் திரும்ப வற்புறுத்தினார். போயிருந்தால் தென்னிந்தியாவின் வரலாறே வேறாகியிருக்கக்கூடும்.

போகவில்லை. ஆர்க்காட்டுக்குப் போய்ப் பட்டம் சூட்டிக்கொண்டார்கள். பிறகு புதுச்சேரியில் விருந்து, மரியாதை, டூப்ளேவுக்குக் கிராமங்கள் தானம். ஒருவழியாகப் படை தெற்கே கிளம்பியது. ஆனால் திருச்சிக்குப் போகாமல் தஞ்சாவூருக்குத் திரும்பியது. அதற்கும் காரணம் இருந்தது. படைவீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லை, தஞ்சையில் பணமிருந்தது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். தாமதிக்கிறவர்கள் முட்டாள்கள் என்று எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொரு தாமதத்துக்கும் அந்த நேரத்தில் நியாயமாகத் தெரிந்த ஒரு காரணம் இருந்தது. உங்கள் மேசையிலும் அப்படித்தான் இருக்கும்.

தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம். அவரால் அந்தப் படையை வெல்ல முடியாது. ஆனால் நாளைக் கடத்த முடியும். தூது அனுப்பினார். பேரம் பேசினார். ஒப்புக்கொண்டார். மறுபடி பேரம் பேசினார். ஆண்டு முடியும் தறுவாயில் 70 லட்சம் ரூபாய் தருவதாகச் சம்மதித்தார். அதையும் ஒரேயடியாகத் தரவில்லை. ஒரு நாள் தங்க வெள்ளிப் பாத்திரங்கள் வரும்; எடை போட வேண்டும். இன்னொரு நாள் வழக்கொழிந்த பழைய நாணயங்கள் வரும். மதிப்புப் போட வேண்டும். அப்புறம் நகைகள், விலை பேச வேண்டும். இவர்கள் எடை போட்டுக்கொண்டிருந்தபோது வடக்கே நாசிர் ஜங் புறப்பட்டுவிட்டார்.

நாசிர் ஜங் என்பவர் 1748-இல் இறந்த நிஜாம் உல் முல்க்கின் மகன். முசாபர் ஜங் மகள் வயிற்றுப் பேரன். நிஜாம் பதவிக்குப் போட்டி இந்த இருவருக்கும் இடையில்தான். நாசிர் ஜங் கொண்டுவந்த படை மூன்று லட்சம் என்று அந்தக் காலத்தவர் எழுதினார்கள். எண்ணில் மிகை இருக்கலாம், அச்சத்தில் மிகை இல்லை. செய்தி கேட்டதும் சந்தா சாகிப் தரப்பினர் தஞ்சை முற்றுகையை விட்டுவிட்டுப் புதுச்சேரிக்குத் திரும்பினார்கள். 1750 தொடக்கத்தில் மராட்டியத் தலைவர் முராரி ராவ் நாசிர் ஜங் பக்கம். தயங்கிக்கொண்டிருந்த ஆங்கிலேயர்களும் மேஜர் லாரன்ஸ் தலைமையில் அவர் பக்கம். திருச்சியில் ஒளிந்திருந்த முகமது அலியும் அங்கே வந்து சேர்ந்தார். முசாபர் ஜங் சரணடைந்து விலங்கு பூண்டார்.

முகமது அலி என்ற மனிதரில் என்ன மாறியது? ஒன்றுமில்லை. ஆம்பூரிலிருந்து ஓடிய அதே ஆள்தான். அவர் வாள் வீச்சு கூடவில்லை, தோல் தடிக்கவில்லை. ஏழெட்டு மாதத்தில் அவரைச் சுற்றி ஒரு கூட்டணி வளர்ந்திருந்தது. இதைத்தான் நான் சூழலில் ஏறும் தாமதம் என்கிறேன்.

ஆட்டத்தின் கணக்கிலும் இதுவே சரி. நாலு ஆட்டக்காரர்கள் ஒரு சுற்றில் நாலு முறை அடிக்கிறார்கள். தனியாக நிற்கும் பாஸ் ஒரு முறை அடிக்கிறான். அவனுடைய ஹிட் பாயிண்ட்டை எவ்வளவு ஏற்றினாலும் இந்த ஏற்றத்தாழ்வு போகாது. பக்கத்தில் ஒரு தளபதியையும் இரண்டு வில்லாளிகளையும் நிறுத்துங்கள், சண்டையே வேறாகிவிடும். யாரை முதலில் வீழ்த்துவது, யாரை மடக்குவது, யாரிடம் பேசிப் பார்ப்பது என்று ஆட்டக்காரர்கள் யோசிக்கத் தொடங்குவார்கள். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் பெரிய எதிரிகளுக்கு 'லெஜண்டரி ஆக்ஷன்' என்று மற்றவர் முறைக்கு நடுவே கூடுதல் அசைவுகள் கொடுத்ததும் இந்தக் குறையை அறிந்துதான்.

காலம் எதிரிக்கு மட்டுமே உழைக்கும் என்று நினைத்தால் அது அடுத்த பிழை. அந்த மாபெரும் படையோடு நாசிர் ஜங் என்ன செய்தார்? அவரும் தாமதித்தார். ஆர்க்காட்டில் தங்கிவிட்டார். செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி அசைக்க முடியாதது என்று பேர்பெற்ற செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார். மழை வந்தது, பாளையம் சேற்றில் சிக்கியது. அவருடன் வந்த பட்டாணிய நவாபுகள் பிரெஞ்சுக்காரர்களோடு ரகசியமாகப் பேசத் தொடங்கினார்கள். டிசம்பர் 16 அன்று தன் கூட்டாளிகளின் கையாலேயே நாசிர் ஜங் கொல்லப்பட்டார். பெரிய படைக்குச் சோறு போடுவதே ஒரு போர். தாமதித்த ஆட்டக்காரர்களுக்கும் ஏதாவது ஒரு வாசல் திறந்திருக்க வேண்டும் என்று நான் சொல்வது இரக்கத்தால் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நடக்கிறது.

இப்போது நம் சுற்றுவட்டாரத்துக்கு நன்றாகத் தெரிந்த இன்னொரு பாஸைப் பார்ப்போம். வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் செய்த மாபெரும் துரியோதனன் படுத்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். பாண்டவர்கள் எவ்வளவு தாமதித்தார்கள்? 13 ஆண்டு. காட்டில் 12, மறைந்து வாழ்ந்தது 1. அந்த 13 ஆண்டில் அர்ச்சுனன் பாசுபதம் பெற்றான். கர்ணன் கவச குண்டலத்தை இழந்தான். துரியோதனன் என்ன செய்தான்? இரும்பால் வீமனைப் போல ஒரு பதுமை செய்து வைத்து, 13 ஆண்டும் அதன் மேல் கதாயுதம் வீசிப் பழகினான். வியாச பாரதத்தின் சல்லிய பருவத்தில் இந்தச் செய்தி வருகிறது. எங்களில் யாரையாவது ஒருவரைத் தேர்ந்துகொள், அவரை வென்றால் நாடு உனக்கு என்று தருமர் வாக்குக் கொடுத்துவிட, கண்ணன் பதறிப்போய் இதைச் சொல்லிக் கடிந்துகொள்கிறான்.

பாஸை மாற்றியமைப்பதற்கு இதைவிட அழகான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை. துரியோதனன் பொதுவாக வலிமை பெறவில்லை. தன்னைக் கொல்வேன் என்று சபதம் செய்தவன் ஒருவன். அந்த ஒருவனுக்காகவே பயிற்சி எடுத்தான். உங்கள் எதிரியும் அப்படித்தான் தயாராக வேண்டும். ஆட்டக்காரர்களில் ஒருவர் நெருப்பு மந்திரத்தால் ஊரையே கலக்கியிருந்தால், அந்தச் செய்தி எதிரியின் காதுக்குப் போயிருக்கும். பத்து நாளில் அவன் கூரையில் ஈரக் கோணி விரித்திருப்பான். ஒருவர் இருட்டில் பதுங்கிப் போவதில் வல்லவர் என்றால், அவன் நாய் வளர்க்கத் தொடங்கியிருப்பான்.

ஆனால் துரியோதனனின் தொடையை மறந்துவிடாதீர்கள். சபையிலேயே வீமன் சபதம் செய்தான், எந்தத் தொடையைத் தட்டிக் காட்டினாயோ அதைப் பிளப்பேன் என்று. 13 ஆண்டுப் பயிற்சியும் அந்தத் தொடையைக் காக்கவில்லை. தொடக்கத்தில் நீங்கள் ஆட்டக்காரர்களுக்குக் காட்டிய பலவீனம் எதுவோ, எவ்வளவு தாமதம் ஆனாலும் அதைப் பிடுங்கக் கூடாது. அவர்கள் உழைத்துக் கண்டுபிடித்ததை நீங்கள் மேசைக்கு அடியில் மாற்றினால் அது எதிரியின் தந்திரம் ஆகாது, உங்கள் துரோகம்.

சரி, இதைக் கையால் செய்வது எப்படி? ஒரு கற்பனை ஆட்டம் போடுவோம். நமக்கு மேலே தெரிகிற துர்க்கத்திலேயே வைத்துக்கொள்வோம். மலைக்கோட்டையில் ஒரு கொடிய கில்லேதார், அதாவது கோட்டைத் தலைவன். கீழே ஊரிலிருந்து சிலரைப் பிடித்துப்போய் அடைத்திருக்கிறான். ஆட்டக்காரர்கள் அவர்களை மீட்க வேண்டும்.

ஐந்தாம் நாளுக்குள் போனால் இருபது காவலர், விரிசல் விட்ட மதில். ஐந்தாம் நாளுக்குப் பிறகு அவன் உதவி கேட்டு எழுதிய கடிதம் போய்ச் சேர்ந்திருக்கும். மலைப்பாதையில் குதிரைவீரர் காவல் இருக்கும். பத்தாம் நாள் கொத்தனார்களைப் பிடித்து வந்து மதிலைப் பூசிவிடுவான். பதினைந்தாம் நாள் கைதிகளில் பாதிப் பேரை வேறு கோட்டைக்கு அனுப்பிவிடுவான். இது அவன் பக்கம். எதிர்ப்பக்கமும் எழுதுங்கள். பத்தாம் நாளுக்குள் ஊர் தானியத்தையெல்லாம் அள்ளியிருப்பான், அதனால் அடிவாரத்து மக்கள் அவனை வெறுப்பார்கள். பதினைந்தாம் நாள் ஒரு ஜமேதாருக்குச் சம்பளப் பாக்கி. அவனை ஆட்டக்காரர்கள் தம் பக்கம் இழுக்கலாம். மலை மேல் குளத்தில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும். இருபதாம் நாள் வந்தால், மீட்க முடிந்தவர்கள் சிலர்தான். அந்த இழப்பு இழப்புதான், அதை மழுப்பாதீர்கள். ஆனால் கோட்டைக்குள் நுழைய ஐந்தாம் நாள் இல்லாத வழி ஒன்று இப்போது இருக்கிறது.

மந்திரவாதிக்கும் இதுவே முறை. சடங்கு முடிந்துவிட்டதென்றால் முடிந்துவிட்டதுதான். எழுப்ப நினைத்த பூதத்தை அவன் எழுப்பிவிட்டான். அதைக் கட்டிக் காக்க அவன் உறங்காமல் இருக்க வேண்டியிருக்கிறதா? சடங்குக்குத் துணை நின்ற சீடர்களுக்குச் சொன்ன பங்கைக் கொடுத்தானா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதினால் புதிய பாஸ் தானாகவே உருவாகிவிடுவான்.

இதெல்லாம் ஆட்டக்காரர்களுக்குத் தெரிய வேண்டும். இந்தப் பேச்சில் ஒன்றை மட்டும் எடுத்துப்போகலாம் என்றால் இதை எடுத்துப்போங்கள். எதிரி தயாராவது வழியெல்லாம் தெரிய வேண்டும். வாணியம்பாடிச் சந்தையில் கோட்டையிலிருந்து தப்பி வந்த ஒரு கொத்தனார் கையில் காயத்தோடு உட்கார்ந்திருக்கட்டும். மலையை நோக்கி தானிய வண்டிகள் வரிசையாகப் போகட்டும். நாம் தாமதித்தோம், அது நடந்தது என்று அவர்கள் வாயால் அவர்களே சொல்ல வேண்டும். இந்தப் பட்டணங்களில் தோல் வேலை செய்கிறவர்களுக்கு இது புதிதில்லை. சுண்ணாம்புக் குழியில் போட்ட தோல் எத்தனை நாள் தாங்கும் என்று தெரிந்தபின் தாமதித்தால்தான் அது தாமதம். கெடு தெரியாதவரைக் குறை சொல்ல முடியாது. அமாவாசையைப் பற்றி நீங்கள் ஒரே ஒரு முறை, அதுவும் மூன்று வாரத்துக்கு முன்னால், சிரிப்புச் சத்தத்துக்கு நடுவே சொல்லியிருந்தால், அந்தக் கெடுவைத் தள்ளிப்போடுங்கள். அவர்கள் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

காயம் ஆறத் தங்குவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த ஐந்தாம் பதிப்பின் விதிப்படி எட்டு மணி நேர நீண்ட ஓய்வில் ஏறத்தாழ எல்லாப் பலமும் திரும்பிவிடும். ஒவ்வொரு சண்டைக்கும் பிறகு படுத்து எழுந்தால் எப்போதும் முழுப் பலம். விதியே தாமதிக்க அழைக்கும்போது ஆட்டக்காரர் தாமதிப்பது இயல்பு. ஓய்வைத் தடுக்காதீர்கள். விலையை முன்கூட்டியே சொல்லுங்கள்: "இங்கே தூங்கினால் நாளை காலைக்குள் குதிரைவீரர் பாதைக்கு வந்துவிடுவார்கள்." பிறகு அவர்கள் எதைத் தேர்ந்தாலும் அது அவர்களின் தேர்வு. அன்றைக்கு உங்களுக்கு இரக்கம் வந்தாலும் குதிரைவீரரை நிறுத்தாதீர்கள். கோபம் வந்தாலும் இரண்டு மடங்காக்காதீர்கள்.

காலம் எப்போதும் நாள் கணக்கில் ஓட வேண்டியதில்லை. 1806 ஜூலை 10 அதிகாலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். இரவு முடிவதற்குள் கோட்டை பெரும்பாலும் அவர்கள் கையில். திப்புவின் கொடி ஏறியது. ஆனால் பிழைத்த சில ஐரோப்பிய வீரர்கள் வாயிலுக்கு மேலே மதிலில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே இருந்த ஒரு அதிகாரி ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தூரத்து ஆர்க்காட்டுக்குச் செய்தி அனுப்பிவிட்டார். காலையிலேயே அங்கிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தார். பிறகு நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். கோட்டைக்குள் இருந்தவர்கள் ஆர்க்காட்டுச் சாலையைப் பார்க்கவில்லை. இந்த நிகழ்வை நான் விளையாட்டுக்காகச் சொல்லவில்லை. இங்கிருக்கும் இளைஞர்கள் யாராவது இதை வைத்து ஆட்டம் அமைத்தால், அங்கே இறந்தவர்கள் மனிதர்கள் என்ற நினைவோடு அமையுங்கள். பூதமாகவும் அரக்கனாகவும் யாரையும் ஆக்காதீர்கள்.

விளையாட்டை உருவாக்கியவர்களுக்கும் காலத்தின் அருமை தெரிந்தே இருந்தது. 1979-இல் வந்த ஆட்ட நடத்துநர் வழிகாட்டியில் கைகாக்ஸ் காலக் கணக்கைக் கண்டிப்பாக எழுதி வைக்கச் சொல்லிப் பெரிய எழுத்தில் வலியுறுத்தினார். 2006-இல் வந்த 'ரெட் ஹேண்ட் ஆஃப் டூம்' என்ற சாகசத்தில் எதிரிப் படை எந்த நாளில் எந்த ஊரைத் தொடும் என்ற அட்டவணையே உண்டு. 'பிளேட்ஸ் இன் தி டார்க்' விளையாட்டில் ஒரு வட்டத்தை நாலோ ஆறோ எட்டோ துண்டாகப் பிரித்து, ஆபத்து நெருங்க நெருங்க ஒவ்வொரு துண்டாக நிரப்புவார்கள். அந்தத் தாளை மேசை நடுவே எல்லோர் கண்ணிலும் படும்படி வையுங்கள். நாலு துண்டு நிரம்பியதும் சந்தை பேரம் தானாக நின்றுவிடும்.

ஒருவேளை ஆட்டக்காரர்களுக்குச் சந்தைதான் பிடித்திருக்கிறதோ என்றும் கேட்டுப் பாருங்கள். நாலு வாரமாக ஒருவரும் கோட்டைப் பக்கம் திரும்பாவிட்டால், உங்கள் பாஸ் அவர்களுக்குச் சுவையாக இல்லை என்று பொருள். அப்போது கில்லேதாரைச் சந்தைக்கே வரவிடுங்கள். வரி வசூலிக்க வரட்டும். அவர்கள் வாங்கிய குதிரையைப் பிடுங்கட்டும்.

சந்தா சாகிப்பின் கதை எங்கே முடிந்தது என்று சிலர் கேட்பீர்கள். 1751-இல்தான் அவர் திருச்சியை முற்றுகையிட்டார், இரண்டு ஆண்டு தாமதமாக. அந்த முற்றுகை நடக்கும்போதே ஆங்கிலேயர் தரப்பில் கிளைவ் ஆர்க்காட்டைப் பிடித்து 50 நாள் முற்றுகையைத் தாங்கிவிட்டார். முற்றுகையிட்டவர்கள் ஸ்ரீரங்கத் தீவில் முற்றுகையிடப்பட்டார்கள். 1752-இல் சந்தா சாகிப் சரணடைந்தது தஞ்சைத் தளபதி மானோஜியிடம். அங்கேயே அவர் தலை போனது. முன்பு நாணயம் எடை போட்டுக் காத்திருந்தாரே, அதே தஞ்சை.

இந்தக் காலத்தை நாள் நாளாக அறிய நமக்குத் தமிழிலேயே ஒரு சுரங்கம் இருக்கிறது. டூப்ளேவின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. எந்த ஊரிலிருந்து எந்தச் சேதி எப்போது வந்தது, யார் யாருக்கு என்ன எழுதினார், ஊரில் என்ன வதந்தி என்று எழுதி வைத்திருக்கிறார். ஆட்டம் நடத்துபவர்கள் அதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். படித்துவிட்டு உங்கள் எதிரிக்காகவும் ஒரு நோட்டுப் புத்தகம் தொடங்குங்கள். ஆட்டத்தில் ஒரு நாள் கழிந்தால் இரண்டு வரி: இன்று அவன் என்ன செய்தான், அந்தச் சேதி எந்த ஊர் வரைக்கும் எட்டியது.